கரண்ட் திரும்பி வரும்போது ஓட வேண்டும்: மார்த்தாண்டம் பக்கத்து மீன்தொட்டிக்குப் பம்பு தேர்ந்தெடுத்த விதம்

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் வழியில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டுத் தொட்டியைப் பற்றியது இது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மே மாதத்து மழை இரவு ஒன்றில் அவருடைய தொட்டியின் பம்பு ஓடாமல் போய் மூன்று மீன்கள் செத்தன. புதிதாக எந்த பம்பு வாங்கலாம் என்று கேட்டு என்னை அழைத்தார். அதற்குள் ஒரு கடையில் "டிசி போடுங்க சார், இப்போ ஏசி யாரும் கேக்குறதில்ல" என்றிருக்கிறார்கள். இன்னொரு கடையில் "டிசி நம்ம ஊரு கறண்டுக்கு நிக்காது" என்றிருக்கிறார்கள். ஏசி பம்பு சுவரில் வரும் 230 வோல்டில் நேரடியாக ஓடுவது, டிசி பம்பு அடாப்டர் வழியாகக் குறைந்த வோல்டேஜில் ஓடுவது. இரண்டு கடைக்காரர்கள் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. எந்தப் பாதி எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அளந்ததையும் அதிலிருந்து எடுத்த முடிவையும் இங்கே எழுதுகிறேன். குளச்சலில் இருக்கும் இன்னொரு தொட்டியையும் சேர்த்திருக்கிறேன். அங்கே முடிவு நேர் எதிராக அமைந்தது.

தொட்டியும் மீனும்

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தண்ணீர் சுமார் 230 லிட்டர். ஸ்டாண்டுக்குள் கீழே ஒரு சம்ப், அதாவது தண்ணீரை வடிகட்டும் சின்னக் கீழ்த்தொட்டி. ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் 60 லிட்டர் நிற்கும். மேல்தொட்டியின் ஓவர்ஃப்ளோ வழியாக இறங்கும் தண்ணீர் பஞ்சையும் பயோ மீடியாவையும் (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் துண்டுகள்) கடந்து கடைசி அறைக்கு வரும். அங்கே மூழ்கிக் கிடக்கும் பம்பு அதைத் திரும்ப மேலே ஏற்றும். சம்பின் நீர்மட்டத்துக்கும் மேலே தண்ணீர் விழும் இடத்துக்கும் இடையில் உயரம் 1.2 மீட்டர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பலமுறை வரும்.

மீன்கள் மிஸ் கேரளா. உடலில் கறுப்புக் கோடும் அதற்கு மேல் சிவப்புக் கோடும் ஓடும் மீன். கேரளத்திலும் கர்நாடகத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள்தான் அதன் பூர்வீகம். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் அமைப்பின் பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ள இனமாக இருக்கிறது. காட்டு ஓடையில் பிடித்ததை வாங்காமல் பண்ணையில் இனப்பெருக்கம் செய்த குஞ்சுகளைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆசிரியரும் அப்படித்தான் வாங்கியிருந்தார். ஓடை மீன் என்பதால் மூன்று விஷயம் கேட்கும்: ஓட்டமுள்ள நீர், நிறைய ஆக்சிஜன், சூடு ஏறாத தண்ணீர். ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் மேலே வந்து காற்றை நேரடியாக இழுத்துப் பிழைக்கும் உறுப்பு இருக்கிறது. மிஸ் கேரளாவுக்கு அது கிடையாது. பம்பு நின்றால் முதலில் தத்தளிக்கும் மீன்களில் இதுவும் ஒன்று.

அந்த இரவில் நடந்தது

மாலையில் இடி மழை. ரப்பர் மரக் கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போனது. இரவு 9 மணி வாக்கில் திரும்பி வந்தது, ஆனால் லோ வோல்டேஜ். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "கறண்டு வந்திட்டு, தொட்டி லைட்டும் எரியுது, பிறகென்னண்ணு போய்ப் படுத்தேன் தம்பி. காலையில பாத்தா எல்லாம் மேல வந்து வாயப் பொளந்துட்டு நிக்குது."

இதில் கவனிக்க வேண்டியது, கரண்ட் இல்லாத மூன்று மணி நேரத்தில் மீன் சாகவில்லை. கரண்ட் வந்த பிறகு விடியும் வரை பம்பு உறுமிக்கொண்டே சுற்றாமல் கிடந்த நேரத்தில்தான் செத்தது. சம்பில் ஓட்டம் நின்றதும் பயோ மீடியாவில் இருக்கும் பாக்டீரியாக்கள் அங்கே மிச்சமிருந்த ஆக்சிஜனையும் தின்று தீர்த்துவிடும். மேல்தொட்டியில் நீர்ப்பரப்பு அசையாததால் காற்று கரைவதும் குறையும். ஏசி, டிசி என்ற பேச்சில் வாட் கணக்கும் விலையும்தான் பெரும்பாலும் அடிபடுகின்றன. நான் முதலில் கேட்பது வேறு: கரண்ட் போய் வந்தால், அரைகுறை வோல்டேஜில் வந்தாலும், யாரும் தொடாமலே இந்த பம்பு மறுபடி ஓடுமா? நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கிளை விழாத மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஏசி பம்பு ஏன் எழும்பவில்லை

தொட்டிகளில் போடும் சாதாரண ஏசி பம்புக்குள் கார்பன் பிரஷ் கிடையாது. எபாக்சி பிசின் ஊற்றி மூடிய காயில் (கம்பிச் சுருள்) ஒன்று, நடுவே காந்த உருளை ஒன்று, அதன் நுனியில் தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர். சுற்றும் பாகம் அது மட்டும்தான். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதோடு இசைந்து காந்தம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஒன்று அந்த வேகத்தில் ஓடும், இல்லையென்றால் நின்றுவிடும்.

ஓடத் தொடங்குவதில்தான் சிக்கல். ஒற்றைக் கட்ட மின்சாரத்தின் காந்தப் புலம் சுழல்வதில்லை, முன்னும் பின்னுமாக மாறுகிறது. அதனால் சுவிட்ச் போட்டதும் காந்தம் சில கணம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறும். ஏதோ ஒரு உதறலில் இசைவு பிடித்து ஓடத் தொடங்கும். எந்தத் திசையில் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. இம்பெல்லரின் இறக்கைகளை வளைக்காமல் நேராகச் செய்திருப்பது அதனால்தான். தொடங்கும்போது பாரம் தெரியாமல் இருக்கட்டும் என்று காந்தத்துக்கும் இம்பெல்லருக்கும் நடுவே கொஞ்சம் தளர்வும் விட்டிருப்பார்கள். கையில் எடுத்துத் திருப்பினால் இம்பெல்லர் கொஞ்ச தூரம் சும்மா ஆடும், பிறகுதான் காந்தம் கூட வரும். பழுது என்று நினைத்து அதில் பசை வைத்து ஒட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டம் இருந்தால்தான் பம்பு எழும்பும்.

ஆசிரியரின் பம்பைக் கழற்றியதும் அந்தத் தளர்வு முழுக்கச் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தது தெரிந்தது. வினிகரில் ஊறவைத்து பழைய பல் பிரஷால் தேய்த்தோம். ஆட்டம் திரும்பி வந்தது. 230 வோல்டில் உடனே ஓடியது. அத்தோடு விடாமல் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இருந்த டிம்மர்ஸ்டாட்டில் மாட்டி வோல்டேஜைக் குறைத்து, அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தோம். 200 வரை பழுதில்லை. 180 வாக்கில் சில தடவை ஓடியது, சில தடவை உறுமிக்கொண்டு நின்றது. வோல்டேஜ் இறங்கினால் காயிலின் காந்த வலுவும் இறங்கும், உதறலில் வேகம் பிடிக்காது. அந்த வீடு லைனின் கடைசியில் இருக்கிறது. மாலையில் மல்டிமீட்டர் வைத்தபோது 185 காட்டியது.

காரணம் ஒன்றல்ல, இரண்டு என்று இதில் தெளிந்தது. சுண்ணாம்பு மட்டும் இருந்திருந்தால் ஓடியிருக்கலாம், லோ வோல்டேஜ் மட்டும் இருந்திருந்தாலும் ஒருவேளை ஓடியிருக்கலாம். இரண்டும் சேர்ந்த இரவில் ஓடவில்லை. ஸ்டெபிலைசர் வைத்தால் போதாதா என்று ஆசிரியர் கேட்டார். ரிலே வைத்த சின்ன ஸ்டெபிலைசர்கள் வோல்டேஜ் மிகவும் இறங்கினால் இணைப்பையே துண்டித்துவிடும், ஏறியதும் மறுபடி கொடுக்கும். பம்பை இன்னும் அதிகத் தடவை நிறுத்தி எழுப்புவதாகத்தான் அது முடியும். அதனால் அந்த யோசனையை விட்டோம்.

பம்பை மாற்றும் முன் குழாயை மாற்றினோம்

பழைய பம்பின் மேல் எழுதியிருந்தது: மணிக்கு 3,000 லிட்டர், உச்ச உயரம் 2.8 மீட்டர், 60 வாட். நிஜத்தில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க ஒரு 10 லிட்டர் வாளியும் செல்போன் கடிகாரமும் போதும். 28 நொடியில் நிறைந்தது, அதாவது மணிக்கு சுமார் 1,285 லிட்டர். பெட்டியில் போட்ட எண்ணில் பாதிகூட இல்லை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 3,000 என்பது தண்ணீரைச் சற்றும் உயர்த்தாமல் தள்ளும்போது வரும் அளவு, 2.8 மீட்டர் என்பது ஒரு சொட்டுகூட வெளியே வராமல் தண்ணீர் ஏறி நிற்கும் உயரம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. நம் வேலை அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நடக்கிறது.

ஆனால் 1.2 மீட்டர் உயரத்துக்கு இது ரொம்பவே குறைவாகப் பட்டது. ஏற்றுக் குழாயைப் பார்த்தேன்: உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வழியில் மூன்று எல்போ (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு). அந்தத் தடிமனில் தண்ணீர் உராய்ந்து போவதே சுமார் அரை மீட்டர் உயரம் ஏற்றுவதற்குச் சமமான பாரத்தைப் பம்பின் மேல் வைக்கிறது. அதை 25 மில்லிமீட்டர் ஹோஸாக மாற்றி, எல்போக்களுக்குப் பதில் ஹோஸையே அகலமாக வளைத்து விட்டோம். ஒரே அளவு நீருக்கு, விட்டம் 20-லிருந்து 25 ஆனால் உராய்வு இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதே பழைய பம்பு இப்போது வாளியை 23 நொடியில் நிரப்பியது. மணிக்கு 1,565 லிட்டர்.

இது தெரியாமல் நேரே டிசி பம்பைப் போட்டிருந்தால், ஓட்டம் கூடியதற்கெல்லாம் டிசிதான் காரணம் என்று நாங்கள் இருவரும் நம்பியிருப்போம். தண்ணீரின் அளவுக்காக மட்டும் என்றால் அந்த வீட்டில் பம்பு மாற்றத் தேவையே இருக்கவில்லை. சில நூறு ரூபாய் ஹோஸில் அது தீர்ந்துவிட்டது.

அப்படியென்றால் டிசி எதற்கு?

மூன்று காரணம் மிச்சம் இருந்தன.

முதலாவது, சொன்ன அதே லோ வோல்டேஜ். டிசி பம்போடு வரும் அடாப்டரின் அடியில் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். சுவரில் 170 வந்தாலும் 230 வந்தாலும் வெளியே 24 வோல்ட்தான். அதற்குப் பிறகு கன்ட்ரோலர் இருக்கிறது. காந்தம் எங்கே நிற்கிறது என்பதை அறிந்து, மூன்று காயில்களுக்கும் முறை வைத்து மின்சாரம் கொடுத்துச் சுழலும் புலத்தை அதுவே உண்டாக்கும். உதறல் கிடையாது, மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறும்.

இரண்டாவது, சூடு. நீருக்குள் மூழ்கிய பம்பு எடுக்கும் மின்சாரம் எல்லாம் கடைசியில் வெப்பமாகத் தண்ணீரில்தான் சேரும். பழைய பம்பு பிளக் மீட்டரில் (பிளக்கில் மாட்டி, எடுக்கும் மின்சாரத்தை அளக்கும் கருவி) 58 வாட் காட்டியது. தொட்டிக்குள் சின்ன ஹீட்டர் ஒன்று இரவும் பகலும் எரிவதற்குச் சமம் அது. கப்பிக்கு என்றால் நான் இதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். மிஸ் கேரளாவுக்கு 25 டிகிரிக்குக் கீழேதான் இதம். ஹாலில் தண்ணீர் 29.5 காட்டியது. வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மீனுக்கு ஒவ்வொரு டிகிரியும் கணக்கில் வரும்.

மூன்றாவது, சத்தம். ஏசி பம்பின் உறுமல் நொடிக்கு 100 அதிர்வு, 50 ஹெர்ட்ஸின் இரட்டிப்பு. அது ஸ்டாண்டின் பலகையில் ஏறி அறை முழுவதும் பரவும். ஹாலை அடுத்த அறையில் ஆசிரியரின் வயதான அம்மா படுக்கிறார். "அம்மைக்கு ராத்திரி ஒறக்கம் இல்ல தம்பி" என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். அடியில் ரப்பர் மேட் போட்டால் பாதி குறையும், முழுவதும் போகாது.

வாங்கியது 24 வோல்ட் பம்பு: பெட்டியில் மணிக்கு 4,000 லிட்டர், 3 மீட்டர், 30 வாட். வேகத்தைக் கூட்டிக் குறைத்து, வாளியை வைத்துப் பார்த்து, 24 நொடியில் 10 லிட்டர் வரும் இடத்தில் நிறுத்தினோம், அதாவது மணிக்கு 1,500 லிட்டர். பிளக் மீட்டரில் 22 வாட். தண்ணீர் சில நாளில் 28.5-க்கு இறங்கி நின்றது. 25 என்ற இலக்குக்கு அது இன்னும் தூரம்தான். சம்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்து மீதியைக் கொஞ்சம் குறைத்தோம். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஆவியாகிக் குளிர்வது ஓரளவுக்குத்தான் நடக்கும். பாக்கிச் சூடு மே மாதத்துக்கே உரியது.

வேகத்தைக் குறைக்கும் பட்டன் பற்றி

டிசி பம்பு வாங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பெரிய பம்பாக வாங்கிக் குறைத்து ஓட்டலாம், கரண்டும் மிச்சம், சத்தமும் இல்லை என்று சொல்வார்கள். ஓரளவு சரி. பம்பின் வேகத்தோடு நீரின் அளவு நேராகக் குறையும். எடுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் குறையும், அதனால்தான் கொஞ்சம் குறைத்தாலே வாட் சட்டென்று இறங்குகிறது. ஆனால் தண்ணீரை ஏற்றும் உயரம் வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் குறையும். இதை யாரும் சொல்வதில்லை.

இந்த பம்பின் உச்ச உயரம் 3 மீட்டர். வேகத்தை 70 சதவீதமாக்கினால் உயரம் 3-ல் 49 சதவீதம், 1.47 மீட்டர். நமக்கு 1.2 மீட்டர் வெறும் உயரமே வேண்டும், உராய்வு வேறு. ஏதோ ஒழுகுகிற அளவில் வரும். 60 சதவீதத்தில் 1.08 மீட்டர், பம்பு அமைதியாக, அழகாகச் சுற்றிக்கொண்டிருக்கும், மேலே ஒரு சொட்டு வராது. மீட்டரில் வாட் குறைந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் போய்விட்டால் மறுநாள் மீன் மேலே வாயைத் திறந்து நிற்கும். சம்ப் வைத்த தொட்டிக்கு டிசி வாங்குபவர் பெட்டியில் லிட்டரைப் பார்க்கும் முன் மீட்டரைப் பார்க்க வேண்டும். தேவையான உயரத்தைப் போல இரண்டு மடங்காவது உச்ச உயரம் இருந்தால்தான் அந்த பட்டனுக்குப் பயன் உண்டு.

ஏசி பம்பில் ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வெளிவரும் குழாயில் ஒரு வால்வு வைத்தால் போதும். உள்ளே இழுக்கும் பக்கம் மட்டும் அடைக்கவே கூடாது. ஃபேன் ரெகுலேட்டரில் மாட்டுவதும் கூடாது. வேகம் குறையாது, வலுதான் குறைந்து நின்றுபோகும்.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு

ஆசிரியர் வீட்டில் 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியோடு பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் (சீரான அலைக்குப் பதில் சதுர அலையாக மின்சாரம் தருவது) இருக்கிறது. அதில் ஏசி பம்பை ஓட்டினால் உறுமல் கூடும், காயில் அதிகம் சூடாகும். டிசி பம்பு அடாப்டர் வழியாக ஓடுவதால் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. 22 வாட் என்பதால் பேட்டரிக்கும் பாரம் தெரியாது.

ஆனாலும் நான் அந்த பம்பை நம்பி இருக்க வேண்டாம் என்றேன். நீண்ட கரண்ட் தடையில் மீனுக்கு வேண்டியது மேல்தொட்டியின் நீர்ப்பரப்பு அசைவது. அதற்கு 1.2 மீட்டர் ஏற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பேட்டரியில் தானாக ஓடத் தொடங்கும் சின்ன ஏர் பம்பு ஒன்றும் காற்றுக்கல் ஒன்றும் தனியாக வைத்தோம். 5 வாட் எடுக்கும் 12 வோல்ட் ஏர் பம்புக்கு 7 ஏஎச் பேட்டரியில் பாதியைச் செலவழித்தாலே சுமார் 8 மணி நேரம் வரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்துபோன பிறகு இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளில் எந்த இன்வெர்ட்டரும் தாங்காது. தீனியை நிறுத்திவிட்டு, குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி.

சம்ப் உள்ளவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பம்பு நின்றதும் ஏற்றுக் குழாயின் வாய் வரை மேல்தொட்டித் தண்ணீர் சைஃபன் ஆகி, அதாவது அதே குழாய் வழியே தானாகப் பின்னோக்கி ஓடி, கீழே இறங்கும். இந்த அளவுத் தொட்டியில் 1 சென்டிமீட்டர் என்பது 5.6 லிட்டர். குழாயின் வாய் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 17 லிட்டர் வந்து சேரும். சம்பில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

பணம்

58 வாட் பம்பு இரண்டு மாத பில்லில் 83 யூனிட்டுக்கு மேல் சேர்க்கும். 22 வாட் 32 யூனிட். மிச்சம் சுமார் 52 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தால் 260 ரூபாய். ஏசியைவிட டிசிக்கு 4,000 ரூபாய் அதிகம் கொடுத்தால் அதை மீட்க இரண்டரை வருடம் ஆகும், அதற்குள் ஒரு அடாப்டர் போகலாம். ஆகவே கரண்ட் மிச்சத்தை மட்டும் நம்பி டிசி வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற எல்லையை ஒட்டி ஓடும் வீடென்றால் கணக்கு மாறும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் உயர்ந்துவிடுகிறது.

டிசியின் பலவீனத்துக்கு என்ன செய்தோம்

டிசி பம்பில் காந்தமும் இம்பெல்லரும் சீக்கிரம் போவதில்லை. அடாப்டரும் கன்ட்ரோலரும்தான் போகும், அதுவும் இடி மின்னல் நாளில். இங்கே 24 வோல்ட் என்பது கை கொடுக்கிறது. வீட்டு ஆர்ஓ தண்ணீர் சுத்திகரிப்பான்களின் பூஸ்டர் பம்பும் 24 வோல்ட் டிசிதான். அதற்கான 24 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் ஆர்ஓ சர்வீஸ் செய்யும் எந்தக் கடையிலும் கிடைக்கும். அது 60 வாட் தாங்கும், நம் பம்புக்குத் தாராளம். முனை பொருந்தாவிட்டால் வெட்டி இணைக்க வேண்டும். பிளஸ் மைனஸ் மாறிவிடக் கூடாது. ஒன்றை வாங்கி முனை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அலமாரியில் வைத்தோம். 24 அல்லாத விசித்திரமான வோல்டேஜ் உள்ள பம்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கன்ட்ரோலருக்கு இப்படி வெளி மாற்று கிடையாது. அது போனால் அதே கம்பெனி கன்ட்ரோலர் வரும் வரை காத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் சுத்தம் செய்த பழைய ஏசி பம்பை விற்க விடவில்லை. இரண்டுக்கும் ஒரே 25 மில்லிமீட்டர் முனை போட்டிருக்கிறோம். மாற்ற வேண்டுமென்றால் ஹோஸை உருவி மாட்டினால் சரி.

கடையிலேயே ஒரு சோதனை செய்துவிட்டுத்தான் பணம் கொடுத்தோம். பம்பை வாளியில் ஓடவிட்டு, சுவரில் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி மாட்டுவது. சில கன்ட்ரோலர்கள் பழைய வேகத்தை நினைவில் வைத்துத் தானே ஓடும். சில, யாராவது பட்டனை அமுக்கும் வரை அணைந்தே கிடக்கும். முதலில் காட்டிய மாடல் அணைந்தே கிடந்தது. பார்க்க நன்றாக இருந்தது, விலையும் குறைவு, ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அடாப்டரும் கன்ட்ரோலரும் ஸ்டாண்டுக்கு வெளியே, தொட்டியைவிட உயரத்தில் சுவரில். வயர் ஒரு வளைவாகத் தொங்கி மேலேறுகிறது, அதனால் வழிந்து வரும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். தண்ணீருக்குள் போவது 24 வோல்ட் என்பது கையை விட்டு வேலை செய்பவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் லைட்டும் ஹீட்டரும் 230-ல்தான் இருக்கும். ஏசியோ டிசியோ, மீன்தொட்டி வைத்த வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் பம்பு வாங்கும் முன் அதைப் போடுங்கள்.

குளச்சலில் எதிர் முடிவு

கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு வீடு. 3 அடி உப்புநீர்த் தொட்டி, க்ளௌன் மீன்கள். மகன் வளைகுடாவில் வேலை செய்கிறார். விடுமுறைக்கு வந்தபோது டிசி பம்பு போட்டுவிட்டுப் போனார். தொட்டியைப் பார்த்துக்கொள்வது அம்மா. கன்ட்ரோலர் ஸ்டாண்டுக்குள் சம்புக்கு மேலேயே தொங்கியது. உப்புநீரில் தெறிக்கும் துளிகள் காய்ந்து வெள்ளை உப்பாக வயர் வழியே ஏறும். வெளியே கடற்காற்று வேறு. கனெக்டரின் செம்பு பச்சை பிடித்துப் பம்பு விட்டு விட்டு ஓடியது. அதோடு கன்ட்ரோலரில் ஏதோ பட்டன் அமுங்கினால் தீனி நேரத்து நிறுத்தத்துக்கும் அலை ஓட்டத்துக்கும் மாறிவிடும். அந்த அம்மா சொன்னது: "மக்களே, எனக்கு இந்தப் பட்டனெல்லாம் தெரியாது. பிளக்க மாட்டுனா ஓடணும்."

அங்கே வோல்டேஜை அளந்தேன், மாலையிலும் 225-க்குக் கீழே போகவில்லை. டவுனுக்குள் இருப்பதால் கரண்ட் போனாலும் சரியான வோல்டேஜில்தான் திரும்பி வருகிறது. ஆகவே ஏசிதான் என்று முடிவு செய்தோம். ஒரு பெரிய பம்புக்குப் பதில் 25 வாட்டில் இரண்டு சின்னது, இரண்டும் எபாக்சியில் முழுக்க அடைத்தவை, தண்டு எஃகு அல்லாமல் செராமிக். உப்புநீரில் எஃகுத் தண்டு துருப்பிடித்தால் அந்தத் துரு மீனுக்கும் கேடு. இரண்டுக்கும் தனித்தனி ஏற்றுக் குழாய். ஒரே குழாயில் சேர்த்தால் நின்றுபோன பம்பின் வழியாகவே மற்றதன் தண்ணீர் திரும்பி இறங்கிவிடும். தனித்தனி ஆர்சிசிபியும் உண்டு, ஒன்றில் கசிவு வந்து டிரிப் ஆனாலும் மற்றது ஓடட்டும் என்று. சூடு கொஞ்சம் கூடுதல்தான், அதற்குச் சம்பின் மேல் ஃபேன் ஓடுகிறது. ஒரு பம்பு நின்றால் தண்ணீர் விழும் சத்தம் குறைவதை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிடுகிறார். பக்கத்து வீட்டுப் பையன் வந்து கழற்றிக் கழுவி மாட்டுகிறான்.

சம்ப் இல்லாத, 100 லிட்டருக்குள் அடங்கும் தொட்டி வைத்திருப்பவர்கள் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. 10 வாட் ஏசி ஃபில்டர் போதும், இம்பெல்லரை மாதம் ஒருமுறை கழுவிவிட்டால் சரி.

பிறகு நடந்தது

வடகிழக்குப் பருவமழை முழுவதும் ஆசிரியர் வீட்டு டிசி பம்பு ஓடியது. லோ வோல்டேஜில் கரண்ட் வந்த இரவுகளில் தானாகவே எழும்பியது. நவம்பரில் ஒரு இடி மாலையில் அடாப்டர் போய்விட்டது. ஏர் பம்பு தண்ணீரை அசைத்துக்கொண்டிருக்க, அலமாரியிலிருந்த ஆர்ஓ அடாப்டரை ஆசிரியரே எடுத்து மாட்டிவிட்டுப் பிறகுதான் எனக்குப் போன் செய்தார். மீன் எதுவும் சாகவில்லை. இப்போது அடாப்டருக்கு முன்னால், திடீர் வோல்டேஜ் எகிறலைத் தணிக்கும் ஸ்பைக் கார்டு போட்டிருக்கிறோம், இன்னொரு ஆர்ஓ அடாப்டர் வாங்கி முனை மாற்றி வைத்திருக்கிறோம். பம்பைக் கழற்றிக் கழுவும் தேதியைத் தொட்டி ஸ்டாண்டின் கதவுக்குள் எழுதி ஒட்டியிருக்கிறார். அடுத்த மே மாதம் ஃபேனோடு தண்ணீர் எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இன்னும் நான்கு குஞ்சுகள் சேர்ப்பதா என்று முடிவு செய்வதாக இருக்கிறோம்.